தேதியை மாற்றாத கிளாக்கர்

அடுத்தவர் கடிதத்தை உடைத்துப் படிப்பது தப்பு என்று எனக்கும் தெரியும். ஆனால் முப்பத்தோரு வருஷம் தேயிலைத் தோட்டத்துத் தபால்காரனாக இருந்தவனுக்கு அந்தத் தப்பு வேலையில் பாதி. எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு அன்றைக்கும் ஒழுங்கான விலாசம் இல்லை, இன்றைக்கும் இல்லை. எந்தக் காம்பராவில் இருக்கிற யாருக்குக் கடிதம் வந்தாலும் அது தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும். கொட்டகலைத் தபால் கந்தோரில் பையை வாங்கி ஆபீசில் கொடுத்து, பெரிய கிளாக்கர் பிரித்துத் தருவதை லயம் லயமாகக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

கொடுத்த கையோடு திரும்பிவிடவும் முடியாது. "என்னா எழுதியிருக்கு, படிச்சுச் சொல்லிட்டுப் போங்க" என்பார்கள். தமிழ் என்றால் கவலையில்லை. இங்கிலீஷ் என்றால்தான் சிக்கல். நான் படித்தது எட்டாம் வகுப்பு. நாலு பேர் முன்னால் திக்கித் திணறினால் மானம் போகும். அதனால் இங்கிலீஷ் கடிதத்தை வழியிலேயே உடைத்து, ஒரு கல்லில் உட்கார்ந்து, அகராதியைப் புரட்டிப் படித்து வைத்துக்கொண்டுதான் கொண்டுபோவேன். ஜனங்களுக்கும் அது தெரியும். ஒட்டின கவரைக் கொண்டுபோய் நீட்டினால், "இன்னும் பாக்கலையா நீங்க" என்று அவர்களே குறைப்படுவார்கள்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், பிறகு நான் செய்ததைப் படிக்கும்போது ஒட்டுக் கேட்கிற புத்திக்காரன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அதைவிட மோசமான காரியம்தான் செய்தேன்.

வேலை முடிந்தபிறகு பழைய துரை பங்களாவில் காவலுக்குச் சேர்ந்தேன். துரைமார் போய்விட்டார்கள். இப்போது அங்கே வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்குகிறார்கள். இரண்டு நாள் இருப்பார்கள், கொழுந்துக்கூடையை வாங்கித் தலையில் மாட்டிப் போட்டோ எடுப்பார்கள், ரயிலேறிப் போய்விடுவார்கள். போன சித்திரையில் வந்த ஜெர்மன்கார அம்மா மட்டும் மூன்று வாரம் அசையவில்லை. எழுபது வயது இருக்கும். முழங்கால் வலி. ஒரு பெட்டி நிறையக் காகிதம் கொண்டுவந்திருந்தார். பின்னேரம் மழை பிடித்துக்கொண்டால் வராந்தாவில் அந்தப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொள்வார். நான் தேத்தண்ணி கொண்டுபோவேன். மெதுவாகப் பேசுகிறவர். என் இங்கிலீஷுக்கு அது தோதாக இருந்தது.

நூறு வருஷத்துக்கு முந்தின முதல் உலகச் சண்டையில் ஜெர்மன்காரர்கள் சண்டைக்கென்றே தனியாக விமான அணிகளை உண்டாக்கினார்களாம். அப்படி ஆரம்பத்தில் உண்டான ஓர் அணியின் கதையைத்தான் அந்த அம்மா எழுதிக்கொண்டிருந்தார்.

"அதை எழுத இந்த மழைக்குள்ள எதுக்கு வந்தீங்க?" என்று கேட்டேன். என் வாய் அப்படி.

அவர் கோபப்படவில்லை. அவருடைய தாத்தா அந்த அணியில் இருந்தவர். ஒரு நாள் அவர்கள் பக்கத்தில் விழுந்த ஓர் இங்கிலீஷ் விமானத்துக்குள் ஒரு டின் தேயிலை இருந்திருக்கிறது. அப்போது ஜெர்மன்காரர்களுக்கு நல்ல கோப்பியே கிடைக்காத காலம். எதையோ வறுத்து இடித்துக் குடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த டின்னை அணியே உட்கார்ந்து குடித்துத் தீர்த்ததாம். டின்னில் சிலோன் என்று போட்டிருந்ததாகத் தாத்தா வீட்டுக்கு எழுதியிருக்கிறார்.

"உங்கள் மலைத் தேயிலையாக இருக்குமோ?" என்று கேட்டார்.

"இந்த மலையாத்தான் இருக்கும்" என்றேன். எனக்கு என்ன தெரியும். முழங்கால் வலியோடு இவ்வளவு தூரம் வந்தவரை வெறுங்கையோடு அனுப்புவானேன்.

அதற்குப் பிறகு தினமும் கதைதான். அணியை உண்டாக்கிய புதிதில் ஆள் வந்துவிட்டார்கள், விமானம் வரவில்லையாம். பறக்கப் பிறந்த மாதிரி மார்பை நிமிர்த்திக்கொண்டு வந்த பையன்கள் வாரக்கணக்காகக் காலியான மைதானத்தில் சீட்டு விளையாடியிருக்கிறார்கள். மருந்து வராத டிஸ்பென்சரியில் டாக்டர் உட்கார்ந்திருப்பதை நாங்கள் பார்க்காததா என்று நினைத்துக்கொண்டேன். பிறகு விமானங்கள் வந்தன. சுழல்கிற விசிறிக்கு நடுவாலே சுடுகிற துப்பாக்கி இரண்டு வைத்தவை. தனித்தனியாகப் போகாதே, சேர்ந்து போ, வெயிலை முதுகில் வைத்துக்கொண்டு இறங்கு என்று அவர்களுடைய தலைவர் கற்றுக்கொடுத்திருக்கிறார். அந்தத் தலைவரை எதிரி கொல்லவில்லை. கூடப் பறந்த சொந்த ஆளின் விமானம் உரசித்தான் விழுந்தார். அவருக்கு எதிரி விமானம் வந்து மலர்வளையம் போட்டுவிட்டுப் போயிருக்கிறது.

"உங்க தாத்தா எத்தனை பிளேனைச் சுட்டாரு?" என்று கேட்டேன்.

"ஒன்றும் இல்லை. அவர் விமானத்தில் ஏறினதே இல்லை. கிளாக்கர்."

எனக்கு அந்த மனிதரை அந்த நிமிஷமே பிடித்துப்போயிற்று. பறந்தவர்களுக்குப் புத்தகம் உண்டு, படம் உண்டு. கிளாக்கருக்கு யார் மலர்வளையம் போடப்போகிறார்கள்.

அந்தக் கிளாக்கரின் வேலைகளில் ஒன்றை அம்மா எனக்கு ஒரு படத்தில் காட்டினார். ஒரு துண்டுக் காகிதம். எதிரி விமானம் தங்கள் பக்கத்தில் விழுந்தால், அதில் இருந்தவன் செத்தானா பிழைத்தானா என்று எழுதி, ஒரு சின்னப் பையில் போட்டு, பையில் நீளமாக வர்ணத் துணியைக் கட்டி, மறுநாள் எதிரியின் மைதானத்துக்கு மேலே பறந்துபோய்ப் போட்டுவிட்டு வருவார்களாம். எதிரியும் அப்படியே செய்வானாம். காலையில் ஒருத்தனை ஒருத்தன் கொல்லத் துரத்துகிறது, பின்னேரம் செத்தவன் வீட்டுக்குச் சேதி கொண்டுபோகிறது.

எனக்கு முதலில் ஆத்திரம்தான் வந்தது. சண்டைக்கு நடுவில், எதிரி, துப்பாக்கிச் சூட்டுக்குள்ளே பறந்துபோய் மறுநாளே கடிதம் கொடுத்திருக்கிறான். எங்கள் தோட்டத்தில் பல்கலைக்கழகத்துக்கு வரச்சொல்லி ஒரு பிள்ளைக்கு வந்த கடிதம் ஆபீஸ் மேசையிலேயே கிடந்து, போகவேண்டிய நாள் கழிந்து என் கைக்கு வந்திருக்கிறது. அதை அந்தப் பிள்ளையின் அப்பாவிடம் நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். இதை அந்த அம்மாவிடம் காரசாரமாகச் சொன்னேன். அவர் தலையாட்டிக் கேட்டுவிட்டு, காகிதத்தில் ஓரிடத்தில் விரலை வைத்தார்.

"இதைப் பாருங்கள். தேதி. நேரம். இடம். என் தாத்தா இதில் பிடிவாதக்காரர். கீழே நின்று பார்த்த காலாட்படைக்காரர்களைத் தேடிப்போய் விசாரிப்பாராம். எத்தனை மணிக்கு விழுந்தது, யார் பார்த்தது என்று கேட்டு உறுதியான பிறகுதான் எழுதுவாராம்."

"செத்தவன் செத்துட்டான். மணி எதுக்கு?"

"அவனுடைய அம்மாவுக்கு" என்றார். "பல பேருக்குக் கல்லறையே கிடையாது. அவளுக்கு மிஞ்சுவது அந்த நாள் மட்டும்தானே."

தேத்தண்ணிக் கோப்பையை எடுத்துக்கொண்டு நான் உள்ளே வந்துவிட்டேன். அன்றைக்கு மறுபடி வராந்தாப் பக்கம் போகவில்லை.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் நடந்தது இது. மூன்றாம் லயத்தில் கொழுந்து எடுக்கிற ஓர் அக்காவின் ஒரே மகன் கப்பலில் சமையல்கட்டு வேலைக்குப் போனான். அவன் நல்லபடியாகத் திரும்பி வரவேண்டும் என்று அக்கா மாரியம்மனுக்குத் தீச்சட்டி நேர்ந்திருந்தார். அந்த வருஷம் திருவிழா நடப்பதே பெரிய காரியம். தோட்டத்தின் இரண்டு பிரிவுகளான மேல் கணக்குக்கும் கீழ் கணக்குக்கும் சண்டை வந்து இரண்டு வருஷம் கோயில் பூட்டிக் கிடந்தது. பேசிச் சரிக்கட்டி, கமிட்டி போட்டு, என்னைச் செகரட்டரி ஆக்கியிருந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. வெள்ளை வேட்டியை நானே கஞ்சி போட்டுத் துவைத்துக்கொண்டேன்.

காப்புக் கட்டி மூன்றாம் நாள் அந்தக் கடிதம் வந்தது. இங்கிலீஷ் கடிதம். வழக்கம்போல வழியில் உடைத்தேன். அக்காவின் மகன் காப்புக் கட்டுவதற்குப் பதின்மூன்று நாளைக்கு முன்னாலேயே கப்பலில் செத்துப்போயிருந்தான். மூன்று நாள் காய்ச்சல். நடுக்கடல், டாக்டர் இல்லை. கடைசி வரைக்கும் அவனுடைய பாஷையில் ஏதோ கேட்டுக்கொண்டே இருந்தான், கப்பலில் யாருக்கும் அது விளங்கவில்லை என்று எழுதியிருந்தது. உடலைக் கடலில் விட்டுவிட்டார்கள்.

அகராதியைப் பார்த்துப் பார்த்து அந்தக் கடிதத்தைப் படித்து முடிக்க எனக்கு ஒரு மணித்தியாலம் பிடித்தது. முதலில் அழுதேன். பொய் சொல்லவில்லை, அழுதேன். அழுது முடித்ததும் செகரட்டரி புத்தி வேலை செய்தது. வீட்டில் சாவு விழுந்தால் பதினாறு நாள் தீட்டு. அக்கா தீட்டோடு காப்புக் கட்டியிருக்கிறார். இது தெரிந்தால் ஆள் ஆளுக்குப் பேசுவார்கள், ஆத்தாளுக்குக் குற்றமாகிப் போச்சு என்பார்கள், இரண்டு கணக்கும் பழையபடி கம்பை எடுக்கும். கஞ்சி போட்ட வேட்டியோடு நான் அசடாக நிற்க வேண்டியதுதான்.

கடிதத்தைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். அக்கா தீச்சட்டி எடுத்து வந்தபோது அவர் பக்கத்தில் நடந்து, காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக்கொண்டே வந்தவன் நான்தான். கடிதம் அப்போதும் என் பைக்குள்ளே இருந்தது. "எம் புள்ளைய கொண்டாந்து சேத்துரு ஆத்தா" என்று அவர் சொல்லிக்கொண்டே வந்தார்.

மஞ்சள் நீராட்டு முடிந்து நாலைந்து நாள் கழித்துத்தான் போய்ச் சொன்னேன். பன்னிரண்டு நாள் வைத்திருந்தேன். வைத்திருந்தது தெரியக் கூடாது, தீட்டு விஷயமும் வெளியே வரக் கூடாது. அதனால் தேதியை மாற்றினேன். திருவிழா முடிந்த மறுநாள் செத்தான் என்று படித்தேன். அப்படியென்றால் கடலில் இருந்து நாலே நாளில் கடிதம் எப்படி வந்தது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. தூக்கத்திலேயே போய்விட்டான், கஷ்டப்படவில்லை என்றும் சேர்த்துச் சொன்னேன். பூசாரி நான் சொன்ன தேதிக்குப் பஞ்சாங்கம் பார்த்துத் திதி சொன்னார். அந்தத் திதிக்குத்தான் அக்கா வருஷாவருஷம் மகனுக்குப் படைக்கிறார். சரியான நாளில் இருந்து இருபத்துநாலு நாள் பிந்தி.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு வருஷமும் அந்தப் படையலுக்கு நானும் போவேன். போகாவிட்டால் சந்தேகம் வரும் என்று முதல் வருஷம் போனேன். பிறகு பழகிப்போயிற்று. அவன் பேரில் வைத்த தேங்காய் ரொட்டியையும் கட்டைச் சம்பலையும் தின்றுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வந்திருக்கிறேன். வெட்கங்கெட்டவன் நான்.

அந்த அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. ஆனால் இரண்டு நாள் கழித்து வேறு ஒன்று கேட்டேன்.

"உங்க தாத்தா எழுதினது எல்லாம் உண்மைதானா?"

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு பெட்டியில் இருந்து இரண்டு நகல் காகிதங்களை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று எதிரிக்குப் போட்ட துண்டு. மற்றது அதே நாளில் அணியின் நாட்குறிப்பில் அதே கிளாக்கர் எழுதினது. துண்டில், உங்கள் ஆள் விழுந்தவுடன் இறந்தார், வேதனை இல்லை என்று இருந்தது. நாட்குறிப்பில் விமானம் தீப்பிடித்துக்கொண்டே வந்தது, ஆள் பின்னேரம் வரைக்கும் உயிரோடு கிடந்தார் என்று இருந்தது.

"எல்லாத் துண்டிலும் இப்படித்தான்" என்றார் அம்மா. "யாருமே வேதனைப்படவில்லை. எல்லோருமே உடனே இறந்தார்கள். நான் ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்துவிட்டேன். நிறையப் பொய் சொல்லியிருக்கிறார் என் தாத்தா."

"தேதி?"

"தேதியில் ஒரு பொய்கூட இல்லை."

நானும் கிளாக்கர் மாதிரி ஒரு பொய் சொல்லியிருக்கிறேன், அது அக்காவுக்காக. தேதியை மாற்றினது எனக்காக. இருபத்திரண்டு வருஷமாக இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டி, நல்லதுக்குத்தானே செய்தோம் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அந்த வாரமே அக்கா வைக்கிற திதி வந்தது. காலையிலேயே போனேன். அக்கா அடுப்படியில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார். சுவரில் அவன் படம். கப்பலுக்குப் போகிறதுக்கு முன்னால் ஹட்டனில் இரவல் டை கட்டி எடுத்தது. படத்துக்கு முன்னால் இலை போட்டு இரண்டு ரொட்டி வைத்திருந்தார்.

"வா தம்பி. வருசம் தவறாம வர்ற ஆளு நீ ஒருத்தன்தான்" என்றார்.

"அக்கா, இன்னைக்கு இல்லக்கா."

"என்னா இன்னைக்கு இல்ல?"

"மகனோட நாளு. நான் மாத்திச் சொல்லிட்டேன்."

முழுவதையும் சொன்னேன். கல்லில் உட்கார்ந்து படித்தது, சட்டைப்பையில் வைத்திருந்தது, கமிட்டி, வேட்டி, எல்லாம். அக்கா என்னைப் பார்க்கவில்லை. அடுப்பில் ரொட்டிக் கல்லில் கிடந்ததையே பார்த்துக்கொண்டிருந்தார். அது கருகிற்று. கல்லை இறக்கிக் கீழே வைத்தார்.

"அப்ப நான் தீச்சட்டி எடுத்தப்ப?"

"அப்ப அவன் இல்லக்கா."

"ஒனக்குத் தெரியும்."

"தெரியும்."

"காலுல தண்ணி ஊத்திக்கிட்டே வந்தியே தம்பி."

அக்கா எரிகிற விறகை அடுப்பில் இருந்து வெளியே இழுத்தார்.

"தீட்டை விடு. ஆத்தாளுக்கு நான் சொல்லிக்கிறேன்" என்றார். குரல் உயரவே இல்லை. "அவன் நாளுல அவனுக்கு ஒரு வாய் வைக்க ஆளில்லாம போச்சே. இருவத்திரெண்டு வருசம். அன்னைக்கு நீயாவது எதாச்சும் வச்சியா?"

"இல்லக்கா."

அக்கா எழுந்து படத்துக்கு முன்னால் இருந்த இலையை ரொட்டியோடு எடுத்து அப்பால் வைத்தார். இன்றைக்கு அது வெறும் ரொட்டி. பிறகு டிரங்குப் பெட்டியைத் திறந்து, பிளாஸ்டிக் உறையில் சுற்றி வைத்திருந்த கடிதத்தை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"வெளிய போ. சாவுக் கேதம் சொல்ல வந்தவன் வீட்டுக்குள்ள நிக்கிறது இல்ல. வாசல்ல நின்னு ஒழுங்கா படி."

இஸ்தோப்புத் திண்ணையைத் தாண்டி, தண்ணீர் ஓடுகிற கானோரமாகப் போய் நின்றேன். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. மடிப்பெல்லாம் கிழிந்திருந்தது கடிதம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவன் பேரைச் சொன்னேன், அப்பன் பேரைச் சொன்னேன், தேதியைச் சொன்னேன். பங்குனி மாசம் என்றும் சொன்னேன். அக்கா நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நேரம் போட்டிருக்கா?"

"போட்டிருக்குக்கா. விடிய நாலே முக்கால்."

"நாலே முக்காலு" என்றார். "நான் எந்திரிச்சு அடுப்பு மூட்டிக்கிட்டு இருந்திருப்பேன். பேரு கூப்புடுற பெரட்டுக்குப் போவணும்ல."

கொஞ்ச நேரம் அந்த நாலே முக்காலிலேயே நின்றார். பிறகு என்னை நேராகப் பார்த்தார். வந்ததில் இருந்து அப்போதுதான் பார்த்தார்.

"தூக்கத்துல போயிட்டான், கஷ்டப்படலன்னு அன்னைக்குச் சொன்ன. அதுவும் பொய்தானா? எம் மூஞ்சியப் பாத்துச் சொல்லாத. எழுத்தப் பாத்துச் சொல்லு."

எழுத்தைப் பார்த்தேன். மூன்று நாள் காய்ச்சல் அந்த வரியில்தான் இருந்தது. அவன் ஏதோ கேட்டுக்கொண்டே இருந்ததும், யாருக்கும் விளங்காமல் போனதும் அதற்கு அடுத்த வரியில் இருந்தது. விரலை வைத்து வரி வரியாக, அவசரப்படாமல் பார்த்தேன்.

"அது நெசம்க்கா" என்றேன். "தூங்கிக்கிட்டு இருக்கையிலயே உசிரு போயிருச்சு, ஒரு வேதனையும் இல்லன்னுதான் எழுதியிருக்கு."

அக்கா கையை நீட்டினார். கடிதத்தைக் கொடுத்தேன். அதைப் பழையபடி உறையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தார். அப்புறம்தான் நெஞ்சில் அடித்துக்கொண்டு, அவன் பேரைச் சொல்லி அழ ஆரம்பித்தார். பக்கத்துக் காம்பராக்களில் இருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

நான் போய்ட்டு வாறேன் என்று சொல்லவில்லை. கேதம் சொன்னவன் அப்படிச் சொல்லிவிட்டுப் போவதில்லை. தூறலில் படிகளில் இறங்கி ரோட்டுக்கு வந்தேன்.